சனிக்கிழமைக்கு யாரை இறக்குவது?

2016 அக்டோபர் 22. டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக அணியும் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியும் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. ஓக்லஹோமா 66, டெக்சாஸ் டெக் 59. அன்று இரண்டு அணிகளும் முன்னேறிய தூரம் தலா 854 கெஜம். ஒரு கெஜம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோற்ற அணியின் குவார்ட்டர்பேக் 88 முறை பந்தை எறிந்து 734 கெஜம் சேர்த்தார். ஐந்து டச்டவுன் எறிந்தார், இன்னும் இரண்டைத் தானே ஓடி எடுத்தார். அவர் பெயர் பேட்ரிக் மஹோம்ஸ். பின்னாளில் கன்சாஸ் சிட்டி அணிக்குச் சாம்பியன் பட்டங்கள் வாங்கித் தந்த அதே மஹோம்ஸ்தான். அன்று அவருக்கு வயது 21. அந்த ஆண்டு அவருடைய அணி பாதி ஆட்டங்களில்கூட ஜெயிக்கவில்லை.

டெக்சாஸ் டெக் ரசிகர்களுக்கு அது நொந்துபோன இரவு. ஆனால் அமெரிக்கா முழுக்கச் சிதறியிருந்த ஒரு சிறு கூட்டம் மட்டும் அன்று துள்ளிக் குதித்திருக்கும். தங்கள் ஃபேன்டஸி அணியில் அந்த வாரம் மஹோம்ஸை இறக்கியிருந்தவர்கள் அவர்கள். பரவலாகப் புழங்கும் கணக்குப்படி அந்த ஒரு ஆட்டத்தில் அவர் தந்த புள்ளிகள், பறிகொடுத்த பந்துக்கான கழிவு போக, 65-ஐத் தாண்டும். ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கிடம் வழக்கமாக 20, 25 புள்ளி கிடைத்தாலே ஆட்டக்காரர் திருப்தியாகத் தூங்கப் போவார்.

ஃபேன்டஸி விளையாட்டு தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. ஐபிஎல் காலத்தில் ட்ரீம்11 விளம்பரம் பார்க்காமல் ஒரு ஓவர்கூடக் கழிந்ததில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகுதான் அந்தச் சத்தம் அடங்கியது. அமெரிக்காவில் இதன் மூத்த வடிவம் சற்று வேறு மாதிரி. பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக் அமைப்பார்கள். சீசன் தொடங்கும் முன் ஒரு நாள் உட்கார்ந்து முறை வைத்து வீரர்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த வீரர் அந்த லீக்கில் வேறு யாருக்கும் கிடைக்கமாட்டார். பிறகு ஒவ்வொரு வாரமும் தன்னிடம் உள்ளவர்களில் யாரை இறக்குவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நிஜ மைதானத்தில் அந்த வீரர்கள் என்ன செய்கிறார்களோ அதுவே புள்ளியாக மாறும்.

கணக்கு எளிது. பந்தோடு ஓடியோ, எறிந்த பந்தைப் பிடித்தோ முன்னேறும் ஒவ்வொரு 10 கெஜத்துக்கும் ஒரு புள்ளி. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6. குவார்ட்டர்பேக் எறிந்து சேர்க்கும் 25 கெஜத்துக்கு ஒரு புள்ளி, எறிந்து எடுக்கும் டச்டவுனுக்கு 4. பல லீக்குகளில் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி கூடுதல். அமெரிக்கக் கால்பந்தை இதுவரை பார்க்காதவருக்கு ஒரே ஒரு விளக்கம் போதும்: பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். எறிபவர் குவார்ட்டர்பேக், சுமந்து ஓடுபவர் ரன்னிங்பேக், தூரத்தில் போய்ப் பிடிப்பவர் ரிசீவர். ஃபேன்டஸி ஆட்டக்காரர் பெரும்பாலும் இந்த மூவரைப் பற்றியே கவலைப்படுகிறார். முன்வரிசையில் முட்டிமோதும் 140 கிலோ ஆட்களுக்கு இங்கே புள்ளியே கிடையாது. அநியாயம்தான்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் பில் விங்கன்பாக், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவர். 1962-ல் அணியோடு நியூயார்க் போயிருந்தபோது ஹோட்டல் அறையில் இரண்டு மூன்று பேரோடு பேசி விதிகளை எழுதினார். மறு ஆண்டு எட்டு அணிகளோடு முதல் லீக் நடந்தது. அதில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. அதெல்லாம் தொழில்முறை ஆட்டம். கல்லூரி ஆட்டத்துக்கு இந்த வழக்கம் முழு உருவில் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2008-ல்தான் சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் மாணவ வீரர்களின் நிஜப் பெயர்களோடு கல்லூரி ஃபேன்டஸியை நடத்தத் துணிந்தது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு நீதிமன்றக் கதை உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் அளவு. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள், அணிக்கு 53 பேர். மொத்தம் 1,700 பேருக்குள் முடிந்துவிடும். கல்லூரிக் கால்பந்தின் மேல் தட்டில் மட்டும் 2025-ல் 136 பல்கலைக்கழகங்கள் ஆடின. இப்போதைய வரம்பு அணிக்கு 105 பேர். ஆக ஏறக்குறைய 14,000 இளைஞர்கள். நான்கைந்து ஆண்டில் ஒரு தலைமுறையே வெளியேறி அடுத்தது வந்துவிடும். போதாக்குறைக்கு, 2021 முதல் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே களமிறங்கலாம் என்றாகிவிட்டது. போன ஆண்டு ஓஹையோவில் பார்த்தவரை இந்த ஆண்டு அரிசோனாவில் தேட வேண்டியிருக்கும். இத்தனை பேரையும் யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. வாரந்தோறும் 'இவரை இறக்கு, அவரை உட்கார வை' என்று எழுதித் தரும் நிபுணர்களுக்குக் கல்லூரி ஆட்டத்தில் இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். என்எஃப்எல்லில் கடைசி இடத்தில் உள்ள அணிகூட முதல் அணியோடு ஓரளவு மல்லுக்கட்டும். கல்லூரியில் ஏற்றத்தாழ்வு மலைக்கும் மடுவுக்கும். 1916-ல் ஜார்ஜியா டெக் அணி கம்பர்லண்ட் கல்லூரியை 222-0 என்று வென்றது. அந்த அளவு அவமானம் இன்று நடப்பதில்லை என்றாலும், சீசன் தொடக்கத்தில் பணக்காரப் பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளுக்குக் காசு கொடுத்து வரவழைத்து 50, 60 புள்ளி வித்தியாசத்தில் அடித்து அனுப்புவது இன்றும் வாடிக்கை.

அப்படியானால் நோஞ்சான் அணியோடு மோதும் நட்சத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாமே என்று தோன்றும். புதிதாக ஆடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

போய்சி ஸ்டேட் அணியின் ரன்னிங்பேக் ஆஷ்டன் ஜென்டியின் 2024 சீசனை எடுத்துக்கொள்வோம். முதல் ஆட்டம் ஜார்ஜியா சதர்ன் அணியோடு. 267 கெஜம், 6 டச்டவுன். ஃபேன்டஸி கணக்கில் 62.7 புள்ளி. அக்டோபர் 5 அன்று யூட்டா ஸ்டேட்டோடு ஆடியபோது 13 முறைதான் பந்தைச் சுமந்தார். 186 கெஜம், 3 டச்டவுன். எல்லாம் முதல் பாதியிலேயே. இரண்டாம் பாதியில் அவர் களமிறங்கவே இல்லை. ஆட்டம் கைக்குள் வந்துவிட்டதால் பயிற்சியாளர் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிடைத்த கெஜத்தைப் பார்த்தால் இரண்டாவது ஆட்டத்தில்தான் எதிரணி இன்னும் மோசமாகச் சிதறியது. ஆனால் புள்ளி பாதியை ஒட்டி நின்றுவிட்டது.

வித்தியாசம் எங்கே? போய்சி 56, ஜார்ஜியா சதர்ன் 45. அந்த எதிரணிக்குத் தடுக்கத் தெரியவில்லை, ஆனால் திருப்பி அடிக்கத் தெரிந்திருந்தது. அதனால் ஜென்டி கடைசிவரை ஓட வேண்டியிருந்தது. யூட்டா ஸ்டேட் 62-30 என்று தோற்றது, அதுவும் சீக்கிரமே தோற்றது. வாரத் தேர்வில் கைதேர்ந்தவர்கள் தேடுவது இந்த நுட்பமான கலவையைத்தான்: தடுப்பு ஓட்டையாக இருக்க வேண்டும், எதிரணித் தாக்குதல் உயிரோடு இருக்க வேண்டும். ஜென்டி பாதி ஆட்டத்திலேயே 36 புள்ளி தந்துவிடுவார், அவர் விதிவிலக்கு. சாதாரண ரன்னிங்பேக் ஒருவர் பாதி ஆட்டம் ஆடினால் கிடைப்பது ஏழோ எட்டோ. நவம்பர் மூன்றாம் வாரத்தில், பரம எதிரியோடு மோதுவதற்கு முந்தைய சனிக்கிழமை, தென்கிழக்கு மாநிலப் பெரிய அணிகள் சில கீழ்த்தட்டுக் கல்லூரிகளோடு ஆடும். அந்த வாரம் பெரிய பெயர்களை நம்பி வாரக்கோப்பையைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

ஜென்டி அந்த சீசனில் 2,601 கெஜம் ஓடினார். பேரி சாண்டர்ஸ் 1988-ல் நிறுவிய 2,628 என்ற சாதனைக்கு 27 கெஜம் பாக்கி. சாண்டர்ஸ் அதை 11 ஆட்டத்தில் எடுத்தார், ஜென்டிக்கு 14 தேவைப்பட்டன. அந்த இரண்டாம் பாதிகளில் சிலவற்றையாவது ஆடியிருந்தால் சாதனை உடைந்திருக்கும் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஃபேன்டஸி ஆட்டக்காரர்களின் வாதமும் கிட்டத்தட்ட அதுவே, காரணம்தான் வேறு.

அடுத்தது பயிற்சியாளர். கல்லூரி ஃபேன்டஸியில் வீரரைவிடப் பயிற்சியாளரின் ஆட்டமுறைக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னால் மிகை போலத் தெரியும். பெய்லி ஸாப்பே கதை அதை நிரூபிக்கிறது. ஹூஸ்டன் பாப்டிஸ்ட் என்ற சின்னக் கல்லூரியில், கீழ்த்தட்டுப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் அவர். அங்கே தாக்குதலை வடிவமைத்த ஸாக் கிட்லியை 2021-ல் வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகம் வேலைக்கு எடுத்தது. ஸாப்பே கூடவே போனார். அவருடைய அபிமான ரிசீவர் ஜெரத் ஸ்டெர்ன்ஸும் போனார். அந்த ஒரே சீசனில் ஸாப்பே 5,967 கெஜம் எறிந்து 62 டச்டவுன் எடுத்தார். இரண்டுமே மேல்தட்டின் ஒரு சீசன் சாதனைகள். டச்டவுனில் அவர் முறியடித்தது ஜோ பர்ரோ 2019-ல் எடுத்த 60. ஸ்டெர்ன்ஸ் 150 பந்து பிடித்தார். இருவரும் அடுத்த ஆண்டு என்எஃப்எல்லின் புதுமுகத் தேர்வுக்குப் போனபோது ஸாப்பே நான்காம் சுற்றில்தான் தேர்வானார். ஸ்டெர்ன்ஸை எந்த அணியும் தேர்வு செய்யவில்லை.

அணி மாறிய வீரரின் பெயரை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த ஆகஸ்டில் ஒன்றும் தெரிந்திருக்காது. பயிற்சியாளரின் பெயரைப் பார்த்தவர்கள் கடைசிச் சுற்றில் ஸாப்பேயைச் சல்லிசாக அள்ளினார்கள்.

இந்த ஆட்டமுறைக்கு ஏர் ரெய்ட் என்று பெயர். அதற்குக் குருபரம்பரையே உண்டு. 1989-ல் அயோவா வெஸ்லியன் என்ற குட்டிக் கல்லூரியில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் சேர்ந்து ஆடிப் பார்த்தது. ஓட்டத்தைக் குறைத்து, மைதானத்தை அகலமாக விரித்து, எறிந்துகொண்டே இருப்பது. லீச் 2000-ல் டெக்சாஸ் டெக் பயிற்சியாளரானார். அங்கே அவரிடம் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் கிளிஃப் கிங்ஸ்பரி. அதே கிங்ஸ்பரி பின்னர் டெக்சாஸ் டெக் பயிற்சியாளராகி மஹோம்ஸை 88 முறை எறிய வைத்தார். கிட்லி அந்தக் கிங்ஸ்பரியின் குழுவில் இருந்தவர். லீச் வேறு அணிக்குப் போன பிறகும் எண்கள் அவரை விட்டுப் போகவில்லை: 2014 அக்டோபரில் வாஷிங்டன் ஸ்டேட்டில் அவருடைய சீடர் கானர் ஹாலிடே அதே 734 கெஜம் எறிந்து, 60-59 என்று தோற்றார். சாதனையும் தோல்வியும் இப்படி ஒன்றாக வருவது தற்செயல் அல்ல. முந்துகிற அணி பந்தைச் சுமந்து நேரத்தைக் கரைக்கும், பின்தங்கிய அணிதான் எறிந்து தள்ளும்.

மறுகோடியில் அயோவா பல்கலைக்கழகம். 2022 செப்டம்பரில் இந்த அணி சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றது. அந்த 7 ஒரு டச்டவுன் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உதைத்து எடுத்த ஒரு ஃபீல்ட் கோலுக்கு மூன்று, தடுப்பு வீரர்கள் எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே மடக்கியதற்கு இரண்டு முறை தலா இரண்டு புள்ளி. தாக்குதலைக் கவனித்தவர் தலைமைப் பயிற்சியாளரின் மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ். 2023-க்கு அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. சீசன் முடியும் முன்பே அவர் தொடரமாட்டார் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டும் அயோவா பத்து ஆட்டம் ஜெயித்தது. அணியின் நாயகன் யார் தெரியுமா? பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்பும் ஆஸ்திரேலியர் டோரி டெய்லர். அந்தப் பணிக்கான நாட்டின் சிறந்த விருதும் அவருக்கே. ஃபேன்டஸியில் உதைத்து அனுப்புகிறவருக்குப் புள்ளி இல்லை. அயோவா ரிசீவரைத் தொடாதே என்பது அந்த ஆண்டுகளில் எழுதப்படாத விதி. மாறாக, பல லீக்குகளில் ஒரு முழு அணியின் தடுப்பையும் ஒரு வீரரைப் போல எடுக்கலாம். அதில் அயோவாவின் தடுப்பை எடுக்கலாம், அயோவாவோடு மோதும் அணியின் தடுப்பையும் எடுக்கலாம். இரண்டும் லாபம்.

குவார்ட்டர்பேக் தேர்வில் கல்லூரிக்கே உரிய இன்னொரு சூட்சுமம், கால்கள். எறிந்த டச்டவுனுக்கு 4, ஓடிய டச்டவுனுக்கு 6 என்பதால் ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் தங்கச் சுரங்கம். 2016-ல் லூயிவில் அணியின் லாமார் ஜாக்சன் 30 டச்டவுன் எறிந்து 21 ஓடினார். சார்லட் அணியோடு நடந்த முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் எட்டு. ராணுவக் கல்லூரி அணிகள் இன்னும் விசித்திரமானவை. ஆர்மி, நேவி இரண்டும் எறிவதை ஏறக்குறைய மறந்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும் பழைய பாணியில் ஊறியவை. 2024-ல் ஆர்மியின் பிரைசன் டெய்லி 32 டச்டவுன் ஓடி எடுத்தார். அந்த 32-க்கே 192 புள்ளி. அவர் என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ஆவாரா என்ற கேள்விக்கு ஃபேன்டஸியில் இடமே இல்லை.

இதில் ஒரு கணக்குப் பொறியும் உண்டு. எறிவதற்கு முன் குவார்ட்டர்பேக் மடக்கி வீழ்த்தப்பட்டால், இழந்த தூரம் கல்லூரிக் கணக்கில் அவருடைய ஓட்டக் கெஜத்திலிருந்து கழிக்கப்படும். என்எஃப்எல்லில் அது அணியின் எறிதல் கணக்கில் போய்விடும், வீரருடைய ஓட்டத்தைத் தொடாது. அதனால் முன்வரிசை பலவீனமான கல்லூரியின் குவார்ட்டர்பேக், நன்றாக ஓடியும் நாளின் முடிவில் கழித்தல் குறியோடு நிற்பார்.

நிபுணர்கள் வாரம் முழுக்கப் பார்க்கும் இன்னொரு எண் சூதாட்டச் சந்தையிலிருந்து வருகிறது. அவர்களில் பலர் பந்தயம் கட்டுவதில்லை, விலையை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து 60 புள்ளி எடுக்கும், ஒரு அணி 14 புள்ளியில் வெல்லும் என்று சந்தை சொன்னால், ஒரு அணிக்கு 37, மற்றதற்கு 23 என்று பிரிக்கலாம். 37 எதிர்பார்க்கப்படும் அணியில் மூன்றாம் ரிசீவரைக்கூட இறக்கலாம். 17 எதிர்பார்க்கப்படும் அணியில் நட்சத்திரத்தையும் யோசித்துத்தான் இறக்க வேண்டும். மொத்தம் பெரிதாக, வித்தியாசம் சிறிதாக இருக்கும் ஆட்டங்களே வேட்டைக்காடு. போய்சி 56, ஜார்ஜியா சதர்ன் 45 மாதிரியான ஆட்டங்களை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆட்டத்தின் வேகமும் இதோடு சேரும். 2023 முதல் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, முதல் முயற்சி மீண்டும் கிடைக்கும்போது கடிகாரம் நிற்பதில்லை. ஆட்டத்துக்குச் சில முயற்சிகள் குறைந்தன. மெதுவாக ஆடும் அணிகளில் உள்ளவர்களுக்கு அதுவும் ஒரு அடி.

இவ்வளவு கணக்குப் போட்டாலும், வீரர் சனிக்கிழமை ஆடுவாரா என்ற அடிப்படைக் கேள்விக்கே கல்லூரியில் நீண்ட காலம் பதில் கிடைக்கவில்லை. என்எஃப்எல் அணிகள் வாரத்தில் மூன்று நாள் காயப் பட்டியல் வெளியிட்டாக வேண்டும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவர்களின் தனியுரிமையைக் காரணம் காட்டி வாய் திறக்கமாட்டார்கள். 'பார்க்கலாம்' என்பதே பாதிப் பேரின் பதில். பிக் டென் கூட்டமைப்பு 2023-லும் தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்இசி 2024-லும்தான் ஆட்டத்துக்கு முன் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்று அறிவிப்பதைக் கட்டாயமாக்கின. எஸ்இசியில் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் புதன்கிழமையே முதல் பட்டியல் வந்துவிடும். தவறினால் அபராதம். சட்டென்று இந்த வெளிப்படைத்தன்மை வந்ததற்கு ஃபேன்டஸி ஆட்டக்காரர்கள் காரணமில்லை. பந்தயச் சந்தை பெருத்தபோது, உள்விவரம் கேட்டு மாணவர்களை யாரும் நச்சரிக்கக் கூடாது என்ற கவலையே காரணம்.

காயம் மட்டுமே தலைவலி என்று இருந்த காலமும் போய்விட்டது. 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் யுஎன்எல்வி அணி மூன்று ஆட்டமும் ஜெயித்து உற்சாகத்தில் இருந்தது. திடீரென்று அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். தருவதாகச் சொன்ன தொகை வரவில்லை என்றது அவர் தரப்பு. பல்கலைக்கழகம் மறுத்தது. நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாத வீரர் அந்த ஆண்டைத் தன் தகுதிக் கணக்கில் இழக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இருப்பதால், மூன்றாவது ஆட்டத்தோடு விலகுவதில் அவருக்கு நஷ்டமில்லை. அந்த சனிக்கிழமை மாற்று ஆளான ஹஜ்-மாலிக் வில்லியம்ஸ் களமிறங்கினார். யுஎன்எல்வி 59, ஃபிரெஸ்னோ ஸ்டேட் 14. வாரத்தின் நடுவில் யாரும் எடுக்காமல் கிடக்கும் வீரர்களை வாரிக்கொள்ளும் நேரத்தை வேய்வர் என்பார்கள். புதன்கிழமை விழித்திருந்து வில்லியம்ஸை வளைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

இந்த வாரக் கூத்தை இந்தியாவிலிருந்து பின்தொடர்வதானால் தூக்கத்தை மறக்க வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனி மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 9.30. நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 10.30. ஹவாய் அணி தன் ஊரில் மாலை 6 மணிக்குத் தொடங்கினால் நமக்கு ஞாயிறு காலை 9.30. சனிக்கிழமை மட்டும் விழித்திருந்தாலும் போதாது. மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பின் சிறிய அணிகள் தொலைக்காட்சியில் இடம் கிடைப்பதற்காக நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடும். குளிரில், பாதி காலியான மைதானங்களில். 2013 நவம்பர் 26, ஒரு செவ்வாய்க்கிழமை. வடக்கு இல்லினாய் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லிஞ்ச் மேற்கு மிச்சிகன் அணியோடு 321 கெஜம் ஓடினார். சனிக்கிழமைக்குள் அணியைத் தயார் செய்தால் போதும் என்று சும்மா இருந்தவர்களின் பெஞ்சில் அந்த 321 கெஜமும் வீணானது.

அதே வடக்கு இல்லினாய் அணியில் லிஞ்சோடு ஆடிய அக்கீம் டேனியல்ஸ், கேமரன் ஸ்டிங்கிலி இருவரும், இந்தியானா பல்கலைக்கழக வீரர் நிக்கலஸ் ஸ்டோனரும் பின்னர் ஃபேன்டஸி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். எங்கள் பெயரையும் படத்தையும் எண்களையும் வைத்து ஃபேன்டுயெல், டிராஃப்ட்கிங்ஸ் சம்பாதிக்கின்றன, எங்களுக்கு ஒரு பைசா இல்லை என்பது முறையீடு. நியாயமான ஆதங்கம். 2018-ல் இந்தியானா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது: ஆட்ட விவரங்கள் செய்தி மதிப்புள்ளவை, அவற்றைப் பயன்படுத்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. இதற்கு முன்னோடி பேஸ்பால் வழக்கு. செயின்ட் லூயிஸ் நகரின் சிபிசி என்ற ஃபேன்டஸி நிறுவனம் வீரர்களின் பெயரையும் எண்களையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. சிபிஎஸ் அதே ஆண்டு கல்லூரி வீரர்களின் பெயர்களோடு களத்தில் குதித்ததற்குப் பின்னணி இதுதான்.

அன்றைய விதிப்படி அந்த மாணவர்கள் தங்கள் பெயரால் ஒரு டாலர் வாங்கினாலும் கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு தகுதியைப் பறித்துவிடும். ஊரெல்லாம் அவர்கள் பெயரில் லீக் நடத்தலாம், அவர்கள் மட்டும் தொடக்கூடாது. 2021 ஜூலை 1 முதல் விளம்பரம் வழியாக அவர்கள் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-26 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாக, முதல் ஆண்டில் ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர் வரை, தங்கள் விளையாட்டு மாணவர்களுக்குப் பங்கு தரலாம். ஃபேன்டஸி நிறுவனங்கள் தரப்பில் மட்டும் கணக்கு மாறவில்லை. பெயரும் எண்ணும் இன்னும் இலவசம்தான்.

சங்கடம் பணத்தோடு நிற்கவில்லை. 2016-ல் என்சிஏஏவோடு பேசி, அந்த ஆண்டுக் கூடைப்பந்து இறுதிப் போட்டிகளுக்குப் பின் கல்லூரி ஆட்டங்களுக்கான பணப் போட்டிகளை நிறுத்துவதாக ஃபேன்டுயெல்லும் டிராஃப்ட்கிங்ஸும் ஒப்புக்கொண்டன. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநிலங்களுக்கு விளையாட்டுப் பந்தயக் கதவைத் திறந்துவிட்ட பிறகு காட்சி மாறியது, போட்டிகள் திரும்பி வந்தன. 2024-ல் என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர், தனி வீரர் எத்தனை கெஜம் எடுப்பார் என்பது போன்ற பந்தயங்களைக் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்ய வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். ஓஹையோ, லூசியானா உட்படச் சில மாநிலங்கள் தடை செய்தன. பத்தொன்பது வயது மாணவர் பந்தைத் தவறவிட்ட இரவில் முகம் தெரியாதவர்கள் அவர் கைபேசிக்கு அனுப்பும் வசைகள்தான் காரணம். நண்பர்கள் கோப்பைக்காக ஆடும் லீக்கும் பந்தய மேடையும் ஒன்றல்ல. ஆனால் வசை வாங்கும் மாணவருக்கு அதை அனுப்பியவர் எந்த மேடையில் தோற்றார் என்பது தெரியாது.

வாரத் தேர்வின் கடைசிச் சிக்கல் நாள்காட்டி. வழக்கமான சீசன் 12 ஆட்டம், நவம்பர் இறுதியில் முடிந்துவிடும். பிறகு கூட்டமைப்பு இறுதி, டிசம்பரில் கோப்பை ஆட்டங்கள். 2016 டிசம்பரில் எல்எஸ்யுவின் லியோனார்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும், என்எஃப்எல் தேர்வு காத்திருக்கையில் காயப்பட விரும்பாமல், தங்கள் கோப்பை ஆட்டத்தில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். அப்போது பலர் அதைத் துரோகம் என்றார்கள். இன்று அது சாதாரண நடைமுறை. போதாதற்கு, வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களும் அந்தச் சமயத்திலேயே மூட்டை கட்டுகிறார்கள். சீசன் முழுக்கக் காத்து வளர்த்த ஃபேன்டஸி அணியில் பாதிப் பேர் ஆடாமல் போனால் இறுதிப்போட்டிக்கு அர்த்தமில்லை. அதனால் பெரும்பாலான கல்லூரி லீக்குகள் தங்கள் இறுதிச் சுற்றை நவம்பருக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. நிஜமான சாம்பியன் யார் என்று தெரிய அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும்.